படிக்காதது ஒன்று

ஒன்று என்றுதான் லேப்டாப்பின் குரல் சொன்னது. படிக்காதது ஒன்று. ஆவுடை கர்சரைக் கீழே தள்ளினாள், பட்டியல் காலி என்றது. மேலே ஏற்றினாள், பட்டியல் காலி. மறுபடியும் அடிவரிக்குப் போய்க் கேட்டாள், படிக்காதது ஒன்று என்றது, அதே குரலில், கொஞ்சமும் வெட்கமில்லாமல். இரண்டில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. ஒரு மெயில் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை; இருந்துகொண்டே இல்லாமலும் இருக்க அது என்ன கடவுளா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, வேலை மும்முரத்தில் கிடக்கட்டும் என்று விட்டிருந்தாள். இன்றைக்கு இரண்டாம் சனி. கணவன் மாசானம் விடிந்ததும் மின்கம்பம் ஏறப் போயாயிற்று, மாதாந்திரப் பராமரிப்பு நாள், வயர்மேன்களுக்கு ஓய்வில்லாத நாள். மகள் மிருதுளா சிலம்ப வகுப்புக்குப் போயாயிற்று. பன்னிரண்டரை வரைக்கும் வீடு அவளுடையது, இந்த ஒன்றும் அவளுடையது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குறை கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பே. பார்வையில்லாதவர்களால் ஒரு இணையதளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்லும் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கிறாள், இங்கே பட்டனுக்குப் பெயரில்லை, அங்கே படத்துக்கு விளக்கமில்லை என்று நாள் முழுக்க அடுத்தவன் வீட்டு ஓட்டையை எண்ணுகிறவள், தன் வீட்டு ஓட்டைக்கு ஐந்து நாளாக விரலைக்கூட நீட்டவில்லை. இருபத்திரண்டு வயதில் கடைசி வெளிச்சமும் போனபிறகு அவள் எழுதுவது, படிப்பது, சமையல் குறிப்பு சேர்ப்பது எல்லாமே இந்த ஒரே எடிட்டரில்தான். வெறும் எழுத்து, வெறும் வரி. படம் இல்லை, பட்டன் இல்லை, குறுக்கே விழுகிற விளம்பரம் இல்லை. அதற்குள்ளேயே ஒரு பிளக்இன், கூடுதலாக ஒட்டவைக்கிற சின்ன நிரல், மெயில்களை இறக்கி வரிவரியாக அடுக்கித் தரும், குரல் ஒவ்வொரு வரியாக வாசிக்கும். ஒரு வரி என்பது காதால் ஒரு தடவையில் ஏந்திக்கொள்ளக்கூடிய அளவு. படித்ததை உடனே வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுவது அவள் பழக்கம், ஆகையால் காலி என்றால் நிஜமாகவே காலி. அப்படியானால் அந்த ஒன்று எங்கே உட்கார்ந்திருக்கிறது?

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தாள், மூடித் திறந்தாள். படிக்காதது ஒன்று, பட்டியல் காலி. மெயில்களை முதலிலிருந்து திரும்ப எண்ணி அடுக்கச் சொன்னாள், லேப்டாப் கொஞ்ச நேரம் முனகியது, அடிவயிற்றில் விசிறி சுற்றுவது உள்ளங்கையில் தெரிந்தது, நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு என்றது. படிக்காதது ஒன்று. காலி. செவ்வாய்க்கிழமை வந்தவற்றை மட்டும் காட்டு என்றாள், மூன்று மெயில், மூன்றும் படித்தது, ஒன்று சம்பந்தமே இல்லாத ஒரு துணிக்கடை. இணையத்தில் நேராகப் போய்ப் பார்க்கலாம் என்றால் அங்கே ஒன்றும் இருக்காது. இறங்கிய மெயில் சர்வரில் தங்காமல் அழிந்துவிடும்படி அந்தக் காலத்திலேயே நண்பன் பெனடிக்ட் அமைத்துக் கொடுத்திருந்தான். அப்படியானால் அது இங்கேதான் இருக்கிறது, இந்தப் பெட்டிக்குள், அவள் விரல்களுக்கு அரை அடி கீழே. அவளுக்கு உள்ளங்கையில் ஒரு பரபரப்பு, நல்ல பரபரப்பு, கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து உதறுகிறபோது உள்ளே ஏதோ ஊர்கிறதா என்று விரல் தானாகத் தேடுமே, அந்த மாதிரி. யாருடையதாக இருக்கும்? சம்பளச் சீட்டா? அது முப்பதாம் தேதிதான் வரும். சிநேகிதி ரேவதியா? ரேவதி மெயில் போடுகிற ஆளில்லை, வாட்ஸாப்பில் மூன்று நிமிடம் பேசி அனுப்புகிறவள். யாராவது அந்நிய தேசத்து இளவரசன் கோடி கோடியாகத் தருகிறேன் என்று எழுதியிருப்பானோ? இப்படி ஒவ்வொருவராக அவள் கூப்பிட்டு நிறுத்தினாள், ஒருவரை மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நாலு வாரத்தில் மெயிலில் ரிப்போர்ட் வந்துவிடும் என்று கண் ஆஸ்பத்திரி கவுண்டரில் அந்தப் பெண் சொல்லி ஐந்தரை வாரம் ஆகிறது. பழைய மெயில் ஐடிதானே மேடம் என்று கேட்டாள், பாடுகிற மாதிரி ஒரு குரல், ஆமாம் என்று ஆவுடை சொன்னாள், மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள், பக்கத்தில் மிருதுளா பஞ்சை முழங்கை மடிப்பில் இறுக்கிக்கொண்டு, அம்மா உனக்கு வலிச்சுதா, எனக்கு வலிக்கவே இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வலிக்கவே இல்ல. அந்தப் பிள்ளை எதற்கும் வலிக்கவில்லை என்றுதான் சொல்லும். ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் குளியலறை வாசலில் பக்கெட்டில் இடித்துக்கொண்டாள், பிளாஸ்டிக் பக்கெட் உருண்டு போய்ச் சுவரில் மோதிய சத்தம், அப்புறம் ஒரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் வலிக்கல என்ற குரல். சின்னப்பிள்ளை ஓடும், இடிக்கும். ஆனால் மறுவாரம் மாடிப்படியில் ஒரு படியை விட்டுவிட்டாள், அதுவும் விளக்கு போடுகிற நேரம். அதன்பிறகு ஆவுடையின் காது அந்தப் பிள்ளையின் காலடியை விட்டு அகலவில்லை. ஆறு மணிக்கு மேல் அந்தக் காலடி மாறுகிறதா? பகலில் தடதட, பொழுது சாய்ந்தால் தட, தட, நடுவில் ஒரு யோசனை. அந்த யோசனையை அவளுக்குத் தெரியும். அவளே அப்படித்தான் நடந்தாள், பதினாலு வயதில், தியேட்டரில் படம் போட்டபிறகு உள்ளே போனால் எல்லாரும் ஒரு நிமிடம் தடவிவிட்டுச் சரியாகிவிடுவார்கள், இவளுக்கு மட்டும் அந்த நிமிடம் முடியவே முடியாது, யார் மடியிலோ போய் உட்கார்ந்தாள் ஒருமுறை, வரிசை முழுக்கச் சிரித்தது, அவளும் சிரித்தாள். விழித்திரை ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டு வருகிறது என்றார்கள் பிறகு. பரம்பரை என்றார்கள். அப்பாவிடம் ஒரு கெட்ட எழுத்து, அம்மாவிடம் அதே கெட்ட எழுத்து, ஒன்று இருந்தால் ஒன்றும் செய்யாது, இரண்டும் சேர்ந்தால் இப்படி. எழுத்துப்பிழை. தினம் நூறு பிழை கண்டுபிடிக்கிறவளுக்குள் திருத்த முடியாமல் ஒன்று. மிருதுளாவுக்கு அவளிடமிருந்து ஒன்று நிச்சயம் போயிருக்கும், அதில் தப்பிக்க வழியே இல்லை. இரண்டாவது மாசானத்திடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாசானம் வெளியாள் இல்லை, சொந்தத் தாய்மாமன் மகன், அம்மாவுக்கும் அவனுக்கும் ஒரே வீட்டு ரத்தம். அவன் இருட்டில் பூனை மாதிரி நடப்பான், கம்பத்து உச்சியில் அந்தியில் நின்று வேலை பார்ப்பான், அதனால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, ஒரு எழுத்து மட்டும் வைத்திருப்பவன் எல்லாரையும் போலத்தான் இருப்பான். போதும். படிக்காதது ஒன்று. அது எங்கே?

பெனடிக்டைக் கூப்பிட்டாள். சென்னையில் பயிற்சி விடுதியில் கூடப் படித்தவன், பிறவியிலேயே பார்வை கிடையாது, இந்த எடிட்டரை அவள் கையில் கொடுத்ததே அவன்தான். இப்போது பெங்களூரில் இருக்கிறான். போனை எடுத்ததும் பின்னால் குக்கர் விசில். "என்ன மேடம், ஞாபகம் இருக்கா என்னை?" "ஒரு மெயில் ஒளிஞ்சுக்கிட்டு விளையாடுது பென்னி. எண்ணிக்கையில இருக்கு, லிஸ்ட்ல இல்ல." அவன் ம் ம் என்று கேட்டுக்கொண்டான், குக்கரை அணைத்துவிட்டு வந்தான். "பிளக்இன் எப்போ அப்டேட் ஆச்சு?" "திங்கக்கிழமை, தானாவே." "அதுல ரெண்டு மூணு கட்டளையோட பேரை மாத்திட்டாங்க, எனக்கும் தகராறு பண்ணுச்சு. ஆனா பேரு மாறுனா மெயில் ஒளியாதே. ஒளிக்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்கணும்." "யாரு சொல்லுவா?" "உன் அமைப்பு ஃபைல்ல, எடிட்டருக்குக் கட்டளை எழுதி வைக்கிறதுல, எத்தனை வரி?" "அறுநூத்தி நாப்பது." அவன் சிரித்தான். "அடேயப்பா. அதுல நான் எழுதிக் குடுத்தது ஐம்பது. மிச்சம் நீ எழுதுனது. வேற யாரு சொல்லியிருப்பா?" பாதிப் பாதியா வெட்டிப் பாரு, என்றான். தெரியும், என்றாள். தெரிஞ்சா எதுக்குக் கூப்பிட்டே, என்றான் அவன், கேலியில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போல. சாப்பாடு ஆச்சா என்று கேட்டு வைத்துவிட்டாள்.

பாதிப் பாதி. மெயில் கணக்கு பற்றிய வரிகளை மட்டும் தனி ஃபைலில் நகலெடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கீழ்ப்பாதியை ஊமையாக்கினாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு அரைப்புள்ளி போட்டால் எடிட்டர் அந்த வரியைப் பொருட்படுத்தாது, மனிதர்கள் படிக்க எழுதிய குறிப்பு என்று தாண்டிப் போய்விடும். முந்நூற்றி இருபது வரி ஊமை. மூடினாள், திறந்தாள். படிக்காதது ஒன்று, பட்டியல் காலி. அப்படியானால் குற்றவாளி மேல்பாதியில். கீழ்ப்பாதிக்கு விடுதலை. அதில் என்னவெல்லாம் இருந்தது என்று போகிற போக்கில் கேட்டுக்கொண்டே போனாள். முற்றுப்புள்ளிக்கு மணிச்சத்தம் வைத்த வரி, அது விடுதியில். தமிழ் வாசிக்கும் குரலைச் சேர்த்த நாற்பது வரி, அது மிருதுளா வயிற்றில் இருந்தபோது, காலை நீட்டிக்கொண்டு மடியில் தலையணை வைத்து அதன்மேல் லேப்டாப் வைத்து எழுதியது, உள்ளேயிருந்து உதைத்தால் எழுத்து தவறும். பதினைந்து வருடம் இந்த ஃபைலில் வரிவரியாக உறைந்திருக்கிறது. டைரி எழுதுகிறவர்கள் யோசித்து யோசித்துப் பொய் எழுதுவார்கள், இதில் அப்படி முடியாது, அன்றைக்கு எது உறுத்தியதோ அதற்கு ஒரு வரி, அவ்வளவுதான். ஒன்று முதல் நூற்றி அறுபது வரை ஊமையாக்கினாள். அப்போது உச்சி மின்விசிறி நின்றது. மேலே ஓடிக்கொண்டிருந்த காற்று ஒரு பெருமூச்சுவிட்டு அடங்க, அதுவரை அதற்குப் பின்னால் இருந்த தெரு உள்ளே வந்தது. எதிர்வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள், ஒரு ஆட்டோ பின்னால் எடுக்கிறது, பல்லி. மாசானம் லைனை அணைத்துவிட்டான். எங்கேயோ ஒரு கம்பத்தடியில் நின்று இவள் வீட்டையும் சேர்த்து அணைத்திருக்கிறான், அவளுக்கு அதில் எப்போதுமே ஒரு வேடிக்கை. பேட்டரி எவ்வளவு என்று கேட்டாள். முப்பத்தி நான்கு சதவீதம். போதும். திறந்தாள். படிக்காதது ஒன்று, காலி. அப்படியானால் நூற்றி அறுபத்தி ஒன்றுக்கும் முந்நூற்றி இருபதுக்கும் நடுவில். கழுத்துக்குப் பின்னால் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. நூற்றி அறுபத்தி ஒன்றிலிருந்து இருநூற்றி நாற்பது வரை ஊமை. மூடினாள். திறந்தாள். பட்டியல், பதின்மூன்று.

பதின்மூன்று? ஒன்றைத் தேடி வந்தால் பதின்மூன்று. அவள் கேட்காமலே குரல் முதல் வரியை வாசிக்கத் தொடங்கியது, கண் ஆஸ்பத்திரியின் பெயர், அதன்பின் பரிசோதனை அறிக்கை, மிருதுளா, வயது ஒன்பது. அவள் சட்டென்று குரலை நிறுத்தினாள். விரல் அந்தக் கீபோர்டுக் கட்டையிலேயே நின்றது. நெஞ்சுக்குள் யாரோ நாற்காலியை நகர்த்துகிற மாதிரி. சரி, வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. ஒரு கட்டையைத் தட்டினால் திறக்கும், தட்டு. அவள் தட்டவில்லை. ஃபைலுக்குத் திரும்பிப் போனாள். முதலில் எந்த வரி என்று பார்த்துவிடலாம், எண்பது வரிதானே, பாதி நாற்பது, குற்றவாளியைப் பிடிக்காமல் பாதியில் விடுவதா, அது முறையில்லை, பிறகு மறந்துவிடும், பேட்டரி வேறு போய்க்கொண்டிருக்கிறது. பேட்டரி போகிறது என்றால் முதலில் மெயிலையல்லவா படிக்க வேண்டும் என்று உள்ளே ஒருத்தி கேட்டாள். நாற்பது, இருபது, பத்து. ஒவ்வொரு தடவையும் திறக்கும்போது பட்டியல் பதின்மூன்று என்றும் பட்டியல் காலி என்றும் மாறி மாறி வந்தது, கதவைத் திறந்து மூடித் திறந்து, உள்ளே ஒரே ஆள் உட்கார்ந்திருக்க. ஐந்து. ஆவுடை அடுத்த அறைக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள். திரும்பி வந்தாள். இருநூற்றி ஏழாவது வரி. அந்த ஆஸ்பத்திரி முகவரியிலிருந்து எது வந்தாலும் படித்ததாகக் குறித்துவிடு, பட்டியலில் காட்டாதே. இரண்டு கட்டளை. முதல் கட்டளையின் பெயரைத்தான் திங்கட்கிழமை மாற்றியிருக்கிறார்கள், அதனால் படித்ததாகக் குறிக்க மறந்து, மறைக்க மட்டும் மறக்காமல், எண்ணிக்கையில் ஒரு ஒன்று வெளியே துருத்திக்கொண்டு நின்றிருக்கிறது. எவ்வளவு அழகான பிழை. ஒரு கணம் அவள் அதை மெச்சினாள், நிஜமாகவே மெச்சினாள், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பிறகு அந்த வரிக்கு மேல் இருந்த குறிப்பை வாசிக்கச் சொன்னாள். அரைப்புள்ளி அரைப்புள்ளி, இனிமி வீனம், என்றது ஆங்கிலக் குரல். என்னது? மறுபடி கேட்டாள், இனிமி வீனம். எழுத்தெழுத்தாகக் கேட்டாள். எடிட்டருக்குத் தமிழ் வராத காலத்தில் ஆங்கில எழுத்தில் அடித்தது. இனிமே வேணாம். பக்கத்தில் ஒரு தேதி.

அந்தத் தேதியைக் கணக்குப் போட அவளுக்குக் காகிதம் வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பதினாறு நாள் முன்பு. விடுதி அறை, மெத்தையில் மூட்டைப்பூச்சி மருந்து வாடை, வராந்தாவில் யாரோ நடக்கப் பழகுகிற குச்சியின் டக் டக். அந்தப் பதின்மூன்றில் கடைசி, அதாவது முதலாவது, அன்றைக்கு வந்தது. ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா பெயரில். உங்களுக்குச் சொந்தத்திலேயே வரன் பேசியிருப்பதாக உங்கள் தந்தை தெரிவித்தார், திருமணத்துக்கு முன் இருவரும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது பிறக்கப்போகும் குழந்தைகளின் நலனுக்கு உகந்தது. மரியாதையான மெயில். இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. பார்வை போனபிறகு அவளிடம் எல்லாரும் குரலை மாற்றிக்கொண்டார்கள், சிலர் சத்தமாக, சிலர் சாமி கும்பிடுகிற மாதிரி மெதுவாக; மாசானம் ஒருவன்தான் குரலை மாற்றவே இல்லை. பாத்தியா என்று கேட்பான், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளவும் மாட்டான். மழைக்கு முன்னால் கம்பி எப்படி இரையும் என்று அவளைக் கம்பத்தில் காது வைக்கச் சொல்லிக் காட்டினான். வெளியில் யார் கட்டுவா என்று வீட்டில் அழுதபடி பேசி முடித்த சம்பந்தம் அது, ஆனால் அவர்கள் யாருக்கும் தெரியாது, அவள் அவனுக்காக உள்ளுக்குள் எத்தனை வருடமாகக் காத்திருந்தாள் என்று. அதை ஒரு சோதனைக் குழாயில் கொண்டுபோய்க் கொடுத்து, இருக்கிறது என்று வந்துவிட்டால்? அதனால் ஒரு வரி எழுதினாள். வரி எழுதத் தெரிந்த கை, எழுதிவிட்டது. பிறகு எழுதினதையே மறந்தும்விட்டது, மறப்பதற்கும் அந்த வரியேதான் உதவியது. வருடா வருடம் மறுபரிசோதனைக்கு வாருங்கள் என்று ஒரு மெயில் வந்து சத்தமில்லாமல் தரைக்கடியில் போய் உட்கார்ந்திருக்கிறது, பதினோரு வருடம், பதினோரு மெயில். ஆக அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரியாது என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. அந்தப் பிள்ளை படியில் தடுமாறியபோது இவளுக்கு வந்தது பயம் மட்டுமா, மாட்டிக்கொண்டோம் என்பதும்தானா? இருபத்தி ஒன்று சதவீதம் என்றது குரல்.

திறந்தாள். வணக்கம், இணைப்பைப் பார்க்கவும், நன்றி. இவ்வளவுதான் மெயில். இணைப்பைத் திறந்தால் குரல் பக்கம் ஒன்று என்றது, பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பக்கம் இரண்டு, மௌனம். காகிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கண் ஆஸ்பத்திரி, பார்வையில்லாத தாய்க்கு, படம். வேறு நாளாக இருந்தால் அவர்களுக்கு ஒரு பக்கம் புகார் எழுதியிருப்பாள். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் நிரலை ஏவிவிட்டுக் காத்திருந்தாள். எதிர்வீட்டில் தேங்காய் துருவி முடித்துவிட்டார்கள். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் கொடுக்கும்போது வைத்துக்கொள்வாளே, அப்படி. வந்தது. இங்கிலீஷ் அறிக்கை, பாதி குப்பை, எண், கோடு, சாய்கோடு, சின்ன ஓட்டைகள். தாய், கெட்ட எழுத்தின் இரண்டு பிரதிகள், அது தெரிந்ததுதான். தகப்பன் என்று தொடங்கிய வரியில் ஒரு நீளமான வாய்க்குள் நுழையாத மரபணுப் பெயர், அதற்குப் பின் ஒரு விசித்திரச் சத்தம், ந்ஸீரோட் என்கிற மாதிரி, பிறகு டிடெக்டட். கண்டறியப்பட்டது. நடுவில் அது என்ன சத்தம்? பின்னால் போனாள். எழுத்தெழுத்தாக. என். பூஜ்யம். டி. மறுபடி. என், பூஜ்யம், டி. ஓ என்ற எழுத்தை நிரல் பூஜ்யம் என்று படித்திருக்கிறது. நாட். இல்லை. கண்டறியப்படவில்லை. இப்படியா ஒரு வீட்டின் தலையெழுத்து ஒரு பூஜ்யத்தில் வந்து தொங்கும்? நம்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள், அங்கே தெளிவாகவே இருந்தது, குழந்தையிடம் ஒரு பிரதி மட்டுமே உள்ளது, நோய் வர வாய்ப்பில்லை, கிட்டப்பார்வை உள்ளது, கண்ணாடி பரிந்துரைக்கப்படுகிறது. நோய் வர வாய்ப்பில்லை. ஆவுடை மேசையில் நெற்றியை வைத்தாள். மரம் குளிர்ச்சியாக இருந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று பொங்கி வந்தது, அதன் நடுவில், அதற்குள்ளேயே, ஒரு சின்னக் கல். என்ன அது? பருப்பில் கல் கடித்ததுபோல அவள் நிதானித்தாள். ஒரு நொடிதான், வாய்ப்பில்லை என்று கேட்ட அதே நொடி, சப்பென்று எதுவோ விழுந்தது. ஏமாற்றம். இல்லை, அப்படியெல்லாம் இல்லை. ஆமாம், அதுதான். பெற்ற தாயா இது? ஆனாலும் கைவிடாமல் அதன் பக்கத்தில் போனாள், பாதி, பாதியில் பாதி, எந்த வரி இது, எங்கிருந்து வருகிறது. இந்த ஐந்தரை வாரமும் பயந்துகொண்டே அவள் வேறொன்றும் செய்திருக்கிறாள், தெரியாமல்; அந்தப் பிள்ளைக்கு இங்கே, பார்வையில்லாத இந்தப் பக்கத்தில், இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். முதலில் இதைக் காட்டுவேன், மழை வருமுன் வரும் சத்தத்தை, ஆள் வருமுன் வரும் ஆளின் வாசனையை, இந்த எடிட்டரை. இங்கே அவ்வளவு ஒன்றும் மோசமில்லை என்பேன். இங்கே இத்தனை வருடமாக அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். தனியாக இருந்தோம் என்பதே இப்போதுதான் தெரிகிறது, வருவதாக இருந்த ஒருத்தி வரமாட்டாள் என்று ஆனபிறகு.

மாசானத்தைக் கூப்பிட்டாள். "அத்தான், மேல நிக்கியளா, கீழயா?" "கீழதான். கரண்டு ரெண்டு மணிக்கு மேலதான் வரும், புழுங்குதா?" "அது இல்ல. ரிப்போர்ட் வந்துட்டு." கூட நிற்கிறவர் யாரோ ஸ்பேனரைக் கேட்டார், இவன் கொடுத்தானா இல்லையா தெரியவில்லை. "அவளுக்கு இல்ல அத்தான். உங்க ரத்தத்துல அது இல்லியாம். கிட்டப்பார்வைதானாம், கண்ணாடி போட்டாப் போதுமாம்." "மறுபடி சொல்லு." மறுபடி சொன்னாள். "கண்ணாடி போட்டாப் போதுமா?" "போதும்." அவன் மூக்கை உறிஞ்சினான், செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் நடந்து போய் நின்றது, ஆளில்லாத இடத்துக்குப் போயிருக்கிறான். இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இதற்கும் ஒரு வரி எழுதிவிடுவாள். சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் வந்த மெயிலை, மறைத்ததை, அந்த வரி இன்றைக்கு வரை மறைத்துக்கொண்டே இருந்ததை. முடிந்ததும், "மாமா அப்பவே எங்கிட்டச் சொன்னாரு," என்றான். "டாக்டரம்மா இப்படிச் சொல்லுதாங்க, நல்லா யோசிச்சிக்கோன்னாரு." "பொறவு?" "யோசிச்சேன். அஞ்சு நிமிசம்." அவள் சிரித்துவிட்டாள், சிரித்ததும் அழுகையும் வந்துவிட்டது, அந்த ஈரத்திலேயே மற்றதையும் சொன்னாள், "இன்னொண்ணு இருக்கு அத்தான். சொன்னா என்னைக் கேவலமா நினைச்சிராதீங்க. இல்லன்னு படிச்சதும் ஒரு செகண்டு சப்புன்னு போச்சு. அவ எம்பக்கம் வரமாட்டாளேன்னு." சொன்னபிறகு தெருவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுபோல் இருந்தது.

"ஏட்டி," என்றான் மாசானம், தாழ்ந்த குரலில். "நீ குளிக்கப் போற நேரம் நா என்ன செய்யுதேன்னு தெரியுமா? ஒரு மாசமா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அடுக்களையிலருந்து வாசல் வரைக்கும் நடந்து பாக்கேன்." "எதுக்கு?" "நீங்க ரெண்டு பேரும் அங்கன போயிட்டிங்கன்னா நா ஒருத்தன் மட்டும் இங்க நின்னுக்கிட்டு என்ன செய்யட்டும்? அதான்." ஆவுடை போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். குளித்துக்கொண்டிருக்கும்போது பிரிட்ஜில் எதுவோ முட்டுகிற சத்தம் இரண்டு மூன்று நாள் கேட்டதும், எலி என்று நினைத்துப் பொறி வாங்கச் சொன்னதும், சரி வாங்குதேன் என்று இவன் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவளுக்குள் வேறு எல்லாம் ஒதுங்கிப்போய் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி நின்றது, தெரிந்துகொள்ளும் ஆசை. "எப்படி இருந்துச்சு?" என்றாள். "எது?" "நடந்தீங்கள்லா, அது. மொதல் நாள்லருந்து சொல்லுங்க." அவன் கூச்சத்தோடு சிரித்தான், தொண்டையைச் செருமினான். "மொத நாள் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூணு எட்டு வைக்கதுக்குள்ள கையி தன்னால முன்னாடி நீண்டுட்டு. பொறவு ஒரு நாள் பாத்தா, அடுக்களைக் குழாய் சொட்டுதது எவ்வளவு சத்தமாக் கேக்குங்கே. அதை வச்சே இடது பக்கம் திரும்பிட்டேன்." தெரியும் என்று அவள் சொல்லவில்லை. "ம், பொறவு?" என்றாள்.